மனநல மருத்துவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்கிறேன்

கரிசல்காடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து, பயிற்சி மருத்துவராக ஓராண்டையும் நிறைவு செய்துவிட்டேன். மேற்படிப்புக் கலந்தாய்வு நெருங்குகிறது. மனநல மருத்துவத்தை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் அந்தத் துறையில் கழித்த இரண்டு வாரங்கள் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை என்பதுதான் காரணம். வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. “கீழ்ப்பாக்கம் டாக்டர் என்று ஊர் பேசும்” என்கிறார் அப்பா. “நாள் முழுக்க அவர்களோடேயே இருந்தால் உனக்கு என்ன ஆகுமோ” என்று அம்மா கலங்குகிறார்.

சம்பளம், பதவி உயர்வு, இடமாறுதல் ஆகியவற்றைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேசியிருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தது முதல் மாலையில் எழுந்து போகும் வரை ஒரு மனநல மருத்துவர் உண்மையில் என்னதான் செய்கிறார்? இத்துறையில் இருப்பவர்கள் தங்கள் ஒரு நாளை விரித்து எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

தென்பொருநை

அன்புள்ள தம்பிக்கு, அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் 14 ஆண்டுகளாக மனநல மருத்துவராக வேலை பார்க்கிறேன். உங்கள் அப்பா சொன்ன அந்தக் கீழ்ப்பாக்கத்தில்தான் நானும் எம்.டி. படித்தேன். 1794இல் தொடங்கப்பட்டு, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய மருத்துவமனை அது. ஓர் ஊரின் பெயரே வசைச்சொல் ஆகிப்போனதை என்னால் மாற்ற முடியவில்லை. ஆனால் நோயாளியைப் பார்ப்பது என்றால் அவருடன் வந்தவரையும் சேர்த்தே பார்ப்பது என்பதை அந்த வளாகத்தில்தான் கற்றுக்கொண்டேன். என் ஒரு நாள் முழுவதும் அதைச் சுற்றியே நடப்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

காலை எட்டு மணிக்கு முன்பே எங்கள் புறநோயாளிப் பிரிவின் பெஞ்சுகள் நிறைந்துவிடும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தால்தான் மதியத்துக்குள் ஊர் திரும்பலாம், பாதி நாள் கூலியையாவது காப்பாற்றலாம் என்று வருகிறவர்கள் அவர்கள். சாதாரண நாளில் ஏறத்தாழ 80 பேர் வருவார்கள். அவர்களில் பத்துப் பேர் புதியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் ஒருவருக்குக் கால் மணி நேரமாவது வேண்டும் என்றால், ஒரு மணி வரையிலான ஐந்து மணி நேரத்தில் பாதி அவர்களுக்கே போய்விடும். மீதமுள்ள 70 பேருக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம். ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 18 வயதைக் கடந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவரிடமும் போவதில்லை. போகிறவர்கள் மட்டுமே வந்து நிற்கும் வரிசை இவ்வளவு நீளம்.

புதிதாக வருபவர்களில் “எனக்கு மனம் சரியில்லை” என்று தொடங்குபவர்கள் குறைவு. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கால் எரிகிறது, தலையில் பாறாங்கல்லை வைத்தது போல இருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். இ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோப்பி, தைராய்டு என்று எல்லாமே பார்க்கப்பட்டு, எல்லாமே சரியாக இருப்பதாக எழுதப்பட்டு, கடைசியில் யாரோ ஒருவர் ‘மனநலப் பிரிவு’ என்று சீட்டு எழுதி அனுப்பியிருப்பார். வந்தவர் அந்தச் சீட்டை ஒரு தீர்ப்பைப் போல நீட்டுவார். “ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் எனக்கு வலிக்கிறது” என்பார். அந்த வலி உண்மை என்று முதலில் நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மனச்சோர்வு என்று பெயர் சூட்டினால் அவர் மறுமுறை வரமாட்டார். சொன்ன பிறகு, காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறதா, பிடித்த காரியங்களிலும் மனம் செல்லவில்லையா, பேரப்பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தால்கூட ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்கலாம். பேரப்பிள்ளையைப் பற்றிய கேள்வியில்தான் பலருக்குக் கண் நிறைகிறது.

மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறும் நெற்றியில் விபூதியுமாக வருபவர்களிடம் அவற்றைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் நான் சொல்வதில்லை. குணசீலம் கோயிலுக்கோ ஏர்வாடி தர்காவுக்கோ போய்விட்டு வந்தேன் என்றால், எத்தனை நாள் தங்கினீர்கள், தூக்கம் வந்ததா, அங்கே உடன் யார் இருந்தார்கள் என்று கேட்பேன். அந்தப் பதில்களிலிருந்து நோய் எப்போது தொடங்கியது என்பது துல்லியமாகத் தெரியவரும். ஏர்வாடியிலேயே தொழுகையும் மாத்திரையும் சேர்ந்து நடக்கும்படி அரசு மருத்துவர்களை அமர்த்தியிருக்கிறார்கள். கயிற்றைக் கழற்று, பிறகு மாத்திரை தருகிறேன் என்று சொல்லும் மருத்துவரிடம் கயிறும் இருக்காது, நோயாளியும் இருக்கமாட்டார்.

மதியத்துக்குப் பிறகு பிற வார்டுகளிலிருந்து அழைப்பு வரும். ஓர் எடுத்துக்காட்டு. காலில் மாவுக்கட்டுடன் எலும்பு முறிவு வார்டில் படுத்திருக்கும் 45 வயதுக்காரர், மூன்றாம் நாள் இரவில் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறார், போர்வையைப் பிய்க்கிறார், ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிகிறார். “மனநல வார்டுக்கு மாற்றவும்” என்று குறிப்பு வருகிறது. அவர் நாள்தோறும் குடிப்பவர் என்பதும், விபத்து நடந்ததிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பதும் கேஸ் ஷீட்டில் எங்கும் இராது. வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் மனைவியைத் தனியே அழைத்துக் கேட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் வரும் இந்தப் பிதற்றல் நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. லோரசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைப் போட வேண்டும், தயாமின் என்ற வைட்டமின் பி1 போட வேண்டும், குளுக்கோஸ் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே தயாமின் போயிருக்க வேண்டும். எங்கள் வார்டுக்கு மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

இவை தவிர, வாரத்தில் ஒரு நாள் தாலுகா மருத்துவமனை முகாம், ஒரு நாள் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், எப்போதாவது நீதிமன்றச் சாட்சியம். எழுத்து வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது எல்லாத் துறைகளிலும் உள்ளதுதான்.

கரிசல்காடு

மிக்க நன்றி மேடம். ஒரே ஓர் ஐயம். பழைய நோயாளி ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்கிறீர்கள். இரண்டு நிமிடத்தில் மனத்தைப் பற்றி என்ன கேட்டுவிட முடியும்? அதே மாத்திரைகளைத் திரும்ப எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி உண்டா?

தென்பொருநை

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. இரண்டு நிமிடம் போதாது. போதாது என்பதை மறந்துவிடாமல் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிட வேண்டும்.

அவர் கதவருகே வரும்போதே பார்க்கத் தொடங்கிவிடுவேன். கை வீசி நடக்கிறாரா, அல்லது கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டு குறுகிய அடியாக வருகிறாரா? மருந்தின் பக்கவிளைவு நடையில்தான் முதலில் தெரியும். சட்டைப் பொத்தான் சரியாக மாட்டியிருக்கிறதா, போன முறை வளர்ந்திருந்த தாடி இன்று மழிக்கப்பட்டிருக்கிறதா என்பவையும் எனக்குச் செய்திகள். உட்கார்ந்ததும், “நேற்று ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எத்தனை மணிக்கு எழுந்தீங்க?” என்று கேட்பேன். “தூக்கம் எப்படி” என்று கேட்டால் “பரவாயில்லை” என்ற ஒற்றைச் சொல்தான் வரும். மணியைக் கேட்டால் மணி வரும். அடுத்து, வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சமிருக்கிறது என்று கேட்பேன். 30 நாள் மாத்திரை வாங்கிப் போனவர் 30ஆம் நாளில் 12 மிச்சமிருக்கிறது என்றால் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

சித்திரை, வைகாசி மாதங்களில், மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். செங்கல் சூளையிலும் வயலிலும் வேலை செய்து வியர்வை கொட்டும் உடம்பில் நீரும் உப்பும் குறையும்போது, சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிக்கொள்ளும். வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். கை நடுக்கம் கூடியிருக்கிறதா, வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா, உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிப் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்வேன். டைக்ளோபினாக் போன்ற வலி மருந்துகளும் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைக் கூட்டிவிடும். நீட்டிய கை கரடுமுரடாக நடுங்கினால் அன்றே இரத்தப் பரிசோதனை, லித்தியம் நிறுத்தம். ரம்ஜான் நோன்பு வைப்பவர்களுக்கு ஒரு மாதம் முன்பே நேரமும் அளவும் பேசி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் நோயாளி ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். மறுபாதி உடன் வந்தவரிடம் இருக்கிறது.

வேப்பமரம்

மனநல வார்டில் செவிலியராக 9 ஆண்டுகள் இருந்தவள் நான். டாக்டரம்மா ஓ.பி.யைப் பற்றி எழுதியதால் வார்டைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நாங்கள் பார்த்த வார்டில் ஒவ்வொரு நோயாளியுடனும் வீட்டிலிருந்து ஒருவர் தங்க வேண்டும். மருத்துவமனையில் ‘அட்டெண்டர்’ என்போம். நோயாளி ஆணாக இருந்தால் அம்மாவோ மனைவியோ வந்து தங்குவார். பெண்ணாக இருந்தாலும் வந்து தங்குவது அவளுடைய அம்மாதான். கணவர் சேர்த்துவிட்டுப் போய், இரண்டு நாள் கழித்து வாசலில் நின்று “எப்போது அனுப்புவீர்கள்” என்று கேட்பார். விதிவிலக்காகச் சிலரைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மனைவிக்குத் தினமும் தலை வாரிப் பின்னிவிடுவார். அந்தப் பின்னல் கோணலாக இருந்தாலும் நாங்கள் யாரும் திருத்தியதில்லை.

நள்ளிரவில் கை கால் கட்டப்பட்ட நிலையில் வேனில் கொண்டுவரப்படுபவர்கள் உண்டு. முதலில் கட்டை அவிழ்ப்போம், பிறகு பேசுவோம். பெரும்பாலானவர்கள் அவிழ்த்ததுமே தணிந்துவிடுகிறார்கள் என்பது நான் கண்ணால் கண்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். ஓடித் தப்ப அவர்களுக்குக் கால்கள் இருந்தன, சங்கிலியும் இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் மின் அதிர்வுச் சிகிச்சை அளிப்பதையும் அது தடை செய்திருக்கிறது. தம்பி இந்தத் துறைக்கு வந்தால் அந்தச் சட்டத்தை ஒருமுறையேனும் முழுதாகப் படித்துவிட்டு வார்டுக்குள் வரட்டும்.

நீலத்தாமரை

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். 11 ஆண்டுகளாக என் அண்ணனுக்கு ‘அட்டெண்டர்’. இங்கே எல்லோரும் உடன் வருபவர்களைப் பற்றி உயர்வாக எழுதுவது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் இதில் ஒரு வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அண்ணன் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மருத்துவர் என்னைப் பார்த்து, “சாப்பிடுகிறாரா? குளிக்கிறாரா? தனியாகப் பேசுகிறாரா?” என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். சீட்டை என் கையில் கொடுப்பார். திரும்பும் பஸ்ஸில் ஒருநாள் அண்ணன், “இன்னைக்கு நான் அங்கே இருந்தேனா?” என்று கேட்டான். அவனுக்கு நோய் முற்றிவிட்டது என்று ஒரு நொடி பயந்துவிட்டேன். பிறகுதான் அவன் கேட்டது புரிந்தது.

அதைவிடக் கொடுமை சான்றிதழ் வாங்கிய நாள். ஊனம் 40 விழுக்காடு என்று வந்தால்தான் சலுகைகள் கிடைக்கும் என்றார்கள். அண்ணனால் என்னென்ன முடியவில்லை என்பதை அவன் எதிரிலேயே ஒவ்வொன்றாக நான் சொல்ல வேண்டியிருந்தது. அவனால் முடிகிற ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டால் எண் குறைந்துவிடுமோ என்ற பயத்தில், அவன் தினமும் எங்கள் அம்மாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவதை நான் மறைத்தேன். அவன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர், உங்கள் இரண்டு நிமிடத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு எத்தனை நொடி?

தென்பொருநை

சகோதரி, உங்கள் பதிவை நேற்றிரவு படித்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை. நீங்கள் சொன்ன தவற்றை நானும் செய்திருக்கிறேன், ஒருமுறை இருமுறை அல்ல. வரிசை நீளும்போது விரைந்து விடை தருபவரின் பக்கம் முகம் தானாகத் திரும்பிவிடுகிறது. மெதுவாகப் பேசுபவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே அவருடைய முறை முடிந்துவிடுகிறது.

சான்றிதழைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பயன்படுத்தும் அளவுகோல் தன்னைத் தான் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கையும், நோய் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதையும் பார்த்து மதிப்பெண் போடுவது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனங்களில் ஒன்றாக ஏற்றிருப்பது நல்ல செய்திதான். ஆனால் அந்த நான்கு கேள்விகளையும் நோயாளியின் முன்னால் இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்கலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். உங்கள் அண்ணன் செய்தித்தாள் படித்துக் காட்டுவதை அவரே சொல்லியிருந்தால் எண் குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு காரியத்தை மட்டும் வைத்து நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை.

உடன் வருபவரை நம்பியே நான் செய்த ஒரு பிழையை இங்கே எழுத வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓர் அம்மா மாதந்தோறும் தனியாக வருவார். மஞ்சள் பையில் மருத்துவக் குறிப்பு எழுதிய பழைய நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். மகனுக்கு 22 வயதில் மனச்சிதைவு. மாத்திரையைத் தொடமாட்டான், தனக்கு நோயே இல்லை என்பான். அம்மா மாத்திரையைப் பொடித்துக் காலை டீயில் கலந்து கொடுத்துவந்தார். எனக்கு அது தெரியும். மகன் தேறி, வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். வேலை செய்கிறான், தூங்குகிறான், யாரையும் சந்தேகப்படுவதில்லை என்று அம்மா சொல்வார். நான் சீட்டு எழுதுவேன். இப்படி நான்கு ஆண்டுகள். வயது வந்த ஒருவருக்கு அவர் அறிந்து இசையாமல் மருந்து கொடுப்பது சட்டப்படியும் அறப்படியும் சரியில்லை என்பது தெரிந்தேதான் எழுதினேன். அவன் மீண்டும் தெருவில் அலைவதைப் பார்க்க அந்த அம்மாவுக்கு மனமில்லை. எனக்கும் துணிவில்லை.

ஒருநாள் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வந்து உட்கார்ந்தவர், “மூணு நாள் நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா டீ யார் போடுவா டாக்டரம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. மகனை அழைத்துவரச் சொன்னேன். இருவரையும் உட்கார வைத்து, நடந்ததை நானே சொன்னேன். அம்மாவைச் சொல்ல விடவில்லை, ஏனென்றால் சீட்டு எழுதியவள் நான். அவன் நெடுநேரம் தன் கையிலிருந்த தீக்காயத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, “அதான் நம்ம வீட்டு டீ மட்டும் கசந்துச்சா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான்.

இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாம் மாதம் தானாகவே வந்தான். குரல்கள் திரும்பிவிட்டன, இரவில் பட்டறைக் கதவை யாரோ தட்டுகிறார்கள் என்றான். மாத்திரை வேண்டாம், மாதம் ஒருமுறை போடும் ஊசி இருந்தால் போடுங்கள், அதை நானே வந்து போட்டுக்கொள்கிறேன் என்றான். இப்போது ஊசித் தேதி தவறாமல் வருகிறான். அம்மா போடும் டீயை மட்டும் இன்றுவரை குடிப்பதில்லை, முக்குக் கடையில் குடித்துக்கொள்கிறான் என்று அந்த அம்மா என்னிடம் சொல்லி அழுதார். அதற்கு நான் என்ன மருந்து எழுத முடியும்?

நொய்யல்

தனியாக கிளினிக் நடத்தும் மனநல மருத்துவன் நான். அரசு மருத்துவமனையோடு ஒப்பிட்டால் எனக்கு நேரம் கிடைக்கிறது. புதியவருக்கு முக்கால் மணி நேரம்கூடக் கொடுக்கிறேன். ஆனால் தென்பொருநை மேடம் எழுதிய சிக்கல் இங்கும் அப்படியே இருக்கிறது, வேறு உடுப்பில்.

மாலை ஆறு மணிக்குமேல்தான் என் கூடம் நிறையும். இருட்டிய பிறகு வந்தால் தெரிந்தவர் கண்ணில் படமாட்டோம் என்பது அவர்கள் கணக்கு. பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி, “கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடுமா?” என்பது. சரியாகாது என்று சொன்னால் அடுத்த கேள்வி, “பெண் வீட்டில் சொல்லாமல் செய்துவிடலாமா?” மறைத்து முடித்த திருமணங்களில் முதலில் நிற்பது மாத்திரைதான். புது மனைவியின் முன்னால் சாப்பிட முடியாமல் நிறுத்திவிடுவார்கள், ஓரிரு மாதங்களில் நோய் திரும்பிவிடும், அப்போது அந்தப் பெண் எதுவுமே தெரியாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள். ஆகவே, திருமணப் பேச்சு தொடங்கும்போதே நோயாளியைத் தனியாக அழைத்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். “என்னை யாரும் கேட்கவில்லை” என்று சொன்னவர்களை நான் எண்ணிக்கை மறந்துவிட்டேன்.

மறுபக்கமும் உண்டு. மருமகளை அழைத்துவந்து, இவளுக்கு மனநோய் என்று எழுதிக் கொடுங்கள் என்பார்கள். உள்ளே ஒருமணி நேரம் பேசிப் பார்த்தால் அவளுக்கு இருப்பது துக்கம். அதற்குக் காரணமானவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு நான் எழுத மறுத்தால் கட்டணமும் கிடைக்காது, வசவும் கிடைக்கும். எழுதக் கூடாது தம்பி.

பனந்தோப்பு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் மனநல வைத்தியரிடம் வருபவர்கள் “சரியான யோசினையாக இருக்குது”, அதாவது மிகுந்த கவலையாக இருக்கிறது, என்று சொல்லுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல்போன மகனும் இருப்பார், வெளிநாடு போன பிள்ளையின் கடனும் இருக்கும், இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த கிணறும் இருக்கும். பயிற்சி முடித்துப் புதிதாக வரும் இளம் வைத்தியர்கள் அதைச் சிந்தனை என்று விளங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். தம்பி எங்கே வேலைக்குப் போனாலும், அந்த ஊர்ச் சனங்கள் துன்பத்துக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டு அறிந்துகொள்ளட்டும்.

கரிசல்காடு

எல்லோருடைய பதிவுகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டீயைப் பற்றிய பகுதி வந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அவர் கேட்கச் சொன்னதாக ஒரு கேள்வி. நோயாளி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் அதை மருத்துவர்கள் எப்படித் தாங்குகிறீர்கள்?

தென்பொருநை

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

எனக்கு அப்படி நடந்திருக்கிறது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். செய்தி வந்த அன்று காலையும் புறநோயாளிப் பிரிவு வழக்கம்போல எட்டு மணிக்குத் தொடங்கியது. நான் 60 பேருக்குமேல் பார்த்தேன். மதியம் அவளுடைய நோட்டின் நகலை எடுத்து, கடைசியாக வந்த அன்று நான் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். “தூக்கம் பரவாயில்லை” என்று இருந்தது. மணியைக் கேட்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். “சாகணும்னு நினைப்பு வருதா?” என்று நேராகக் கேட்கும் துணிவும் அதற்குப் பிறகு வந்ததுதான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்டவுடன் பலர் மூச்சை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாததைச் சொல்லத் தொடங்குவார்கள்.

அவளுடைய அப்பா 16ஆம் நாள் கழிந்த பிறகு வந்தார். என்னைத் திட்ட வருகிறார் என்று நினைத்தேன். மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். அரசாங்க மாத்திரை, வேறு யாருக்காவது உதவும் என்றார். அவரை உட்கார வைத்தேன். அன்று வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அந்த ஆண்டு முதல் எங்கள் பிரிவில் ஒரு நீண்ட பேரேடு வைத்திருக்கிறோம். தேதி தவறியவர்களின் பெயர்களைச் சமூகப் பணியாளர் மாலை நான்கு மணிக்கு அதில் எழுதி, ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் அழைப்பார். பாதிப் பேர் எடுப்பதில்லை, சிலர் எண்ணை மாற்றியிருப்பார்கள், சிலர் “பஸ்ஸுக்குக் காசில்லை, அடுத்த வாரம் வருகிறேன்” என்பார்கள். உயிரை விட முயன்று உயிர் தப்பி வந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு இருக்கும். அவர்களுடன் அன்றே பேசாமல் விடுவதில்லை. முன்பெல்லாம் இவர்கள் மருத்துவமனைக்கு வரவே அஞ்சினார்கள், போலீஸ் வழக்கு வரும் என்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அரசு அளிக்க வேண்டும் என்கிறது. இதைக் கட்டிலருகில் நின்று சொல்லும்போது நோயாளியைவிட அவருடைய அம்மா அப்பாவின் முகம்தான் முதலில் இளகும். இரவில் யாரோடாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416க்கு அழைக்கலாம் என்று எண்ணை நோட்டின் அட்டையிலேயே எழுதித் தருகிறோம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

தாங்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்குப் போனதும் அரைமணி நேரம் யாரும் என்னோடு பேசமாட்டார்கள், அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. என்னோடு படித்த இரண்டு பேருடன் வாரத்தில் ஒருநாள் பேசுகிறேன், பெயர் சொல்லாமல் நோயாளிகளைப் பற்றியே பேசுவோம். அந்தப் பெண்ணின் நோட்டு நகல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நீலத்தாமரை

டாக்டர், நீங்கள் பதில் எழுதிய பிறகு அண்ணனிடம் பேசினேன். அடுத்த முறை நீ மட்டும் முதலில் உள்ளே போகிறாயா என்று கேட்டேன். மருத்துவர் கேள்வி கேட்டால் தனக்கு நேரம் ஆகும், பின்னால் நிற்பவர்கள் கோபிப்பார்கள் என்றான். பிறகு, சரி என்றான். நாங்கள் போவது வேறு மாவட்டத்து மருத்துவமனை. இப்படிக் கேட்டால் அங்குள்ள மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்வாரா?

தென்பொருநை

எடுத்துக்கொள்ள மாட்டார் சகோதரி. வாசலில் சீட்டைக் கொடுக்கும்போதே செவிலியரிடம், “அண்ணன் முதலில் தனியாகப் பேசட்டும், பிறகு நான் வருகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் குறைந்த பிறகு, பன்னிரண்டரை மணிபோலப் போவது நல்லது. சொல்ல நினைப்பதை அண்ணன் முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். பேச நேரமானால் தாளை நீட்டிவிடலாம். அவர் அம்மாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவதையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.